500 ரூபாய் கம்பூட்ஸா, 5,000 ரூபாய் கம்பூட்ஸா? வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கூடலூர் பக்கம் ஜூன் பிறந்தால் கடை வாசலில் குடையோடு கம்பூட்ஸும் கயிற்றில் தொங்க ஆரம்பித்துவிடும். ஜோடி 400, 500 ரூபாய். அதையே இணையத்தில் தேடினால் 5,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதற்கு மேலும் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எதை வாங்குவது என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்பார்கள். நாலு மாடு, ஒரு ஏக்கருக்குள் கொஞ்சம் தேயிலை, வருஷத்தில் ஐந்து மாதம் ஈரத்திலேயே நடை என்பது என் பிழைப்பு. மலிவானதை வாங்கிக் கால் புண்ணாகியிருக்கிறது. விலை கூடியதை வாங்கிப் பணமும் போயிருக்கிறது. இரண்டு தடவையும் எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று யோசிக்காமல்தான் கடைக்குப் போயிருந்தேன்.

எல்லாவற்றையும் ரப்பர் என்று நம்புவது

கடைக்காரர் ‘ரப்பர் பூட்ஸ்’ என்று சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார். 500 ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். உருக்கிய பி.வி.சி.யை அச்சில் செலுத்தி ஒரே வார்ப்பாக எடுத்துவிடுவார்கள். அதனால்தான் விலை குறைவு. மேலே பளபளப்பு, முன்னும் பின்னும் நெடுக ஓர் அச்சுக்கோடு, பிளாஸ்டிக் வாசனை, மடக்கினால் விறைப்பு. இவற்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இயற்கை ரப்பர் பூட்ஸ் வேறு விதம். துண்டு துண்டாக வெட்டிய ரப்பர் தாள்களைக் கால் அச்சின்மேல் கையால் ஒட்டி, அப்புறம் சூளையில் வைத்து வல்கனைஸ் செய்வார்கள், அதாவது சூட்டில் ரப்பரை உறுதியாக்குவார்கள். ஒட்டிய பட்டைகளின் ஓரம் கண்ணுக்குத் தெரியும். தொட்டால் மெத்தென்று இருக்கும், காலோடு சேர்ந்து மடங்கும். அந்தக் கைவேலைக்குத்தான் விலை. மூன்றாவதாக பாலியூரித்தேன் பூட்ஸ் இருக்கிறது. உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழிகள் இருப்பதால் எடை குறைவு, குளிரும் சீக்கிரம் ஏறாது. ஐரோப்பாவில் பால்பண்ணைக்காரர்கள் விரும்பிப் போடுவது இதைத்தான்.

விலை அதிகம் என்பதால் ரப்பர்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைத்து நான் பெரிய தவறு செய்தேன். நாலாயிரம் ரூபாய்க்கு இயற்கை ரப்பர் பூட்ஸ் வாங்கி மாட்டுக்கொட்டகையில் போட்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பாதத்தைச் சுற்றி ரப்பர் பிசுபிசுத்து, ஒட்டிய ஓரங்கள் வாய் பிளந்துவிட்டன. கொழுப்பும் எண்ணெயும் இயற்கை ரப்பருக்கு ஆகாதவை. கொட்டகையில் பால் கொழுப்பு, சாணம், மூத்திரம், தரை கழுவும் மருந்து என்று எல்லாமே தரையில்தான் கிடக்கும். புல் வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றும்போது சிந்தும் பெட்ரோலும் அப்படித்தான், ரப்பர் உறிஞ்சி உப்பிவிடும். கொட்டகைக்கு நைட்ரைல் என்ற, எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர் கலந்த பி.வி.சி. பூட்ஸ் வாங்கியிருந்தால் நாலில் ஒரு பங்கு காசில் இன்னும் நன்றாக உழைத்திருக்கும். அட்டைப்பெட்டியிலோ சீட்டிலோ எண்ணெய் தாங்கும், கொழுப்பு தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பி.வி.சி.க்கும் ஒரு பகை உண்டு, அது வெயிலும் சூடும். பி.வி.சி. இளக்கமாக இருக்க அதில் ஒரு மென்மையூட்டி கலந்திருப்பார்கள். வெயிலில் காயக் காய அது வெளியேறிவிடும். அப்புறம் பூட்ஸ் கட்டையாகி, விரல்கள் மடங்கும் இடத்தில் குறுக்கே கீறல் விழும். மலிவு பூட்ஸ் ஒரே வருஷத்தில் கிழிந்தது என்று சொல்கிற பலர் அதைக் கூரைமேல் காய வைத்தவர்கள்தான்.

ஜோடி விலையை மட்டும் பார்ப்பது

காலையும் மாலையும் அரை மணி நேரம் கொட்டகை கழுவ, வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ள, வாரத்துக்கு ஒரு நாள் தோட்டத்துக்குப் போய்வர என்றால் 500 ரூபாய் பூட்ஸே சரி. அதற்கு மேல் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை, நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். சரிவில் எட்டு மணி நேரம் ஏறி இறங்குகிறவருக்குக் கணக்கு வேறு. கனமான பி.வி.சி. பூட்ஸ் ஜோடி ஏறக்குறைய 2 கிலோ வரும். ஒவ்வொரு அடிக்கும் அதில் பாதியைத் தூக்கி வைக்க வேண்டும். சாயங்காலம் முழங்காலும் இடுப்பும் அதற்கு வட்டி கேட்கும். இவர்களுக்கு எடை குறைந்த, மடங்கும் பூட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம், இரண்டாயிரம் வீண் செலவு இல்லை. அவ்வளவு முடியாது என்றால் மலிவு பூட்ஸுக்குள் நல்ல இன்சோல் ஒன்று வாங்கிப் போடுங்கள். அந்தச் சில நூறு ரூபாய்க்குப் பாதி நிம்மதி கிடைத்துவிடும்.

இன்னொன்று, 5,000 ரூபாய் கொடுத்தாலே வேலைக்கான பூட்ஸ் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. மெல்லிய ரப்பர், அழகான நிறம், வழுவழு சோல் என்று நகரத்து மழைக்காகச் செய்தவையும் அந்த விலையில் உண்டு. கம்பூட்ஸை ஆங்கிலேயர்கள் வெலிங்டன் பூட்ஸ் என்பார்கள், அது பிறந்ததே நாகரிகமாகத்தான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி, லண்டனில் தன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்யவைத்த தோல் பூட்ஸ் அது. ரப்பருக்கு மாறியது 1850-களில். அப்புறம்தான் அது சேற்றுக்கு வந்தது.

அளவில் விட்டுக்கொடுப்பது

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். கம்பூட்ஸுக்குக் கயிறு இல்லை, இழுத்துக் கட்ட முடியாது. அளவு ஒன்றுதான் அதைக் காலில் பிடித்து வைக்கிறது. பெரிதாக இருந்தால் நடக்கும்போது குதிகால் தூக்கித் தூக்கி விழும். பின்குதிகால் தேய்ந்து கொப்புளம் வரும். சேற்றில் பூட்ஸ் சிக்கிக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். தப்பான இடத்தில் மடங்கி மடங்கிப் பூட்ஸும் சீக்கிரம் வெடிக்கும். நல்ல பூட்ஸையே அளவு தவறினால் ஒரு பருவத்தில் கொன்றுவிடலாம்.

ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 7-ம் நம்பரிலிருந்துதான் வைத்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கால் 4, 5 நம்பர். என் அண்ணிக்கு 4. வேறு கிடைக்காமல் 7 வாங்கி, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கும்போது பூட்ஸுக்குள் கால் திரும்பி விழுந்து, மணிக்கட்டு உடைந்தது. இரண்டு மாதம் கூலி போனது. துணி அடைத்தால் விரல் பக்கம் இறுகும், குதிகால் இறுகாது. சிறிய அளவு இருக்கிறது, தயாரிக்கிறார்கள், கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார். தோட்டத்தில் பூட்ஸ் கொடுக்கிறார்கள் என்றால் வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரின் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

போட்டுப் பார்க்கும்போது சாயங்காலமாகப் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸையே கையோடு எடுத்துப் போங்கள். காலை முன்னால் தள்ளி விரல்நுனி தொடும்போது, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் கடைப் படியில் இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால் சரிவில் நகம் கறுத்துவிடும். கடைசியாகக் குத்துக்காலிட்டு உட்காருங்கள். பால் கறக்கிறவருக்கும் களை பிடுங்குகிறவருக்கும் இது முக்கியம். மேல் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அறுத்தால் உயரம் குறைந்ததை எடுங்கள். கெண்டைக்கால் பெருத்தவர்கள் பூட்ஸின் வாய் சுற்றளவையும் பார்க்க வேண்டும்.

உள்ளே ஈரம் என்றதும் ஓட்டை என்று தூக்கி எறிவது

புது பூட்ஸ், முதல் நாளே சாக்ஸ் நனைந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் அது வியர்வை. தண்ணீர் உள்ளே வராத பூட்ஸிலிருந்து வியர்வையும் வெளியே போகாது. விலை கூடினாலும் இது மாறாது. சந்தேகம் இருந்தால் பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, ஒரு வாளித் தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் மூழ்கும்படி அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். தாள் உலர்ந்திருந்தால் பூட்ஸ் மேல் குற்றமில்லை.

இன்னொரு வழியிலும் தண்ணீர் வரும். மழைக்கோட்டில் வழியும் நீர் பேன்ட் வழியாக இறங்கிப் பூட்ஸுக்குள் போகும். உள் பேன்ட்டைப் பூட்ஸுக்குள் விடுங்கள், ரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமல் இருக்க அது வேண்டும். மேலே போடும் மழை பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள்.

எப்படி வந்த ஈரமாக இருந்தாலும் அதிலேயே கால் ஊறக் கூடாது. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சிப்பாய்களின் கால் அழுகியது குளிராலும், மாற்றப்படாத ஈர சாக்ஸாலும்தான். நமக்கு அவ்வளவு குளிர் இல்லை, ஆனால் சேற்றுப்புண் உண்டு. மதியச் சாப்பாட்டின்போது பூட்ஸைக் கழற்றி, கால் துடைத்து, வேறு சாக்ஸ் போடுங்கள். சேற்றுப்புண் வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையும், எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் பட்டாலே போதும்.

பூட்ஸ் போட்டால் பாம்பு ஒன்றும் செய்யாது என்று நினைப்பது

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், பெரும்பாலும் காலில் கடி. அந்தக் கணக்கைப் பார்த்தால் வெறுங்காலோடு நடப்பதைவிட 400 ரூபாய் பூட்ஸ் எவ்வளவோ மேல். கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். ஆனால் சாதாரண கம்பூட்ஸ் பாம்புக் கடிக்கென்று சோதித்துச் செய்ததில்லை. கண்ணாடி விரியனுக்குப் பல் நீளம். பாதி கெண்டைக்கால் வரை வரும் குட்டை பூட்ஸைவிட முட்டிக்குக் கீழ் வரை வருவது பாதுகாப்பு. சற்றுத் தளர்ந்த வாய் நல்லது, ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய ரப்பர் இதற்கு ஆகாது. அப்புறம் மலைத்தோட்டத்தில் மூங்கில் குழிவிரியன் செடியின்மேல்தான் சுருண்டு கிடக்கும். அங்கே கடி கையில் விழும். கடித்தால் பூட்ஸ் தடுத்ததா இல்லையா என்று ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரிவுக்கும் சேற்றுக்கும் ஆழமான பள்ளங்கள் உள்ள சோல். நனைந்த சிமெண்ட், டைல்ஸ் தரைக்கு நெருக்கமான நுண்வரிகள் உள்ள சோல். மாறி வாங்கினால் வழுக்கும். மாடு மிதிக்கும், மரம் விழும் என்றால் விரல்களைக் காக்கும் முன்பக்க இரும்புத் தொப்பி (ஸ்டீல் டோ) தேவை, இல்லையென்றால் அது வெறும் சுமை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதற்கான தர எண் பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254, ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557. முத்திரை இல்லாமல் ‘ஸ்டீல் டோ’ என்று மட்டும் சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் உங்கள் விருப்பம். கறுப்பில் கலக்கும் கார்பன் தூள் வெயிலைக் கொஞ்சம் தாங்கும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நாற்று நடும் வயலுக்கு மட்டும் எந்த விலையிலும் கம்பூட்ஸ் வேண்டாம். முழங்கால் சேறு அதைக் கவ்விக்கொள்ளும். ஜப்பானில் நடவுக்கென்றே காலோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் பூட்ஸ் செய்கிறார்கள். அது கிடைத்தால் சரி. ஓடும் ஓடையையும் கம்பூட்ஸோடு கடக்காதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்தால் கால் தூக்க முடியாது.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளும் பூட்ஸின் ஆயுளில் பாதியைத் தின்னும். சாயங்காலம் கழுவி, இரண்டு குச்சி நட்டு, நிழலில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், மடித்துப் போடவும் வேண்டாம். இயற்கை ரப்பரில் வெள்ளையாகச் சாம்பல் பூத்ததுபோல் வந்தால் பயப்படாதீர்கள். அது உள்ளிருந்து வெளிவரும் கலவைதான், துணியால் துடைத்தால் போய்விடும். கிழிந்தால் இயற்கை ரப்பருக்கு சைக்கிள் பஞ்சர் கடைப் பட்டையே நன்றாக ஒட்டும். பி.வி.சி.யில் அந்தப் பசை நிற்காது, பி.வி.சி.க்கென்று விற்கும் பசை வேண்டும். காலையில் போடும் முன் ஒவ்வொரு நாளும் கவிழ்த்துத் தட்டுங்கள். எங்கள் வீட்டுப் பூட்ஸிலிருந்து தவளை பலமுறை விழுந்திருக்கிறது, தேள் ஒருமுறை.