ரயில்வே கான்ட்ராக்ட் வேலையில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

மண்டபம் பக்கம் தண்டவாளம் இறக்கும்போது என் மச்சானுக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது. அவருக்காக நானே மனு எழுதினேன். அந்த வழியை அப்படியே சொல்கிறேன்.

1. அரசு மருத்துவமனையில் "வேலை செய்யும்போது அடிபட்டது" என்று சொல்லி ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். "வீட்டில் விழுந்தேன்னு சொல்லு" என்று மேஸ்திரி கெஞ்சினாலும் சொல்லாதீர்கள்.

2. விபத்து நடந்த தேதி, இடம், காயம் மூன்றையும் எழுதி, கான்ட்ராக்டருக்கும் ரயில்வேக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸப்பை மட்டும் நம்ப வேண்டாம். தபால் ரசீதுதான் பேசும்.

3. வேலை பார்த்ததற்கு ஆதாரம். எங்களை அலைக்கழித்தது இதுதான். சம்பளச் சீட்டு கிடையாது, மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இருந்ததா என்றே தெரியவில்லை, கான்ட்ராக்டர் "யார் இவர்?" என்றுவிட்டார். மச்சானின் போனைத் துழாவினோம். மேஸ்திரி வாராவாரம் கூலி போட்ட ஜிபே வரவுகள், குரூப்பில் வந்த "நாளைக்கு ஆறு மணிக்கு கேட்டுக்கு வந்துருங்க" செய்தி, ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஜல்லி மேல் நிற்கும் போட்டோ எல்லாம் கிடைத்தன. அத்தனைக்கும் பிரிண்ட் எடுத்தோம். கூட வேலை பார்த்த இருவர் சாட்சி சொன்னார்கள். வடநாட்டுத் தொழிலாளிகள் ஊர் திரும்புமுன் அவர்கள் நம்பரை வாங்கி வையுங்கள்.

4. தொகை. மச்சானின் விபத்து 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் வந்தது. அதிகம் வாங்கினாலும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றுதான் கணக்கு. அதில் 60 சதவீதம் 9,000. அவர் வயது 35; அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள காரணி (பெருக்க வேண்டிய எண்) 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீத இழப்பு, ஆக 5,32,062 ரூபாய். கான்ட்ராக்டர் 50,000 நீட்டி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டார். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. இருந்தாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டரோடு ரயில்வேயையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவர் கைவிரித்தாலும் முதன்மை வேலையளிப்பவர் (கான்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுத்தவர்) என்ற முறையில் ரயில்வே பொறுப்பாகும். கெடு இரண்டு ஆண்டு. வெளியூரில் அடிபட்டாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே போடலாம். ஒரு மாதத்துக்குள் தராத தொகைக்கு 12 சதவீத வட்டியும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: உச்சிப்புளியிலிருந்து ஒருவர் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று கேட்டார். விபத்துக்கு அது பயணிகளுக்கான இடம், வேலையில் அடிபட்டவருக்கு இல்லை. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்திருந்தால் இந்த மனு வேண்டாம், ஈ.எஸ்.ஐ. அலுவலகம் போங்கள். அப்புறம், 21.11.2025 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிந்தைய விபத்துக்கு அதன்படிதான் மனு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும், வேலையோடு தொடர்பு இருந்தால், அதில் கேட்க முடியும்.