காப்பியைப் பிடிக்கப் போய் கைடுகள் செய்யும் தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் விரிவுரையாளர்கள் செமஸ்டர் தவறாமல் ஒரே புலம்பல்: "இந்தப் பசங்க ஏன் சார் இப்படிக் காப்பி அடிக்கிறாங்க?" நாங்களும் புலம்பியதுதான். பாதிக் காரணம் நாம் வேலை வாங்கும் விதத்திலேயே இருக்கிறது. பிட், மொபைல் சமாச்சாரமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

சதவீதத்தை நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுதியதோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சரி. ஆனால் மென்பொருள் பார்ப்பது சொற்கள் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான். யார் உழைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒரு எம்.காம். வைவா, அதாவது புராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வு. முதல் புராஜெக்ட், பாபநாசம் பக்கக் குறுவை விவசாயிகளின் கடன் பற்றியது. ஒற்றுமை 9 சதவீதம், கைடு (வழிகாட்டும் ஆசிரியர்) கையெழுத்துப் போட்டுவிட்டார். புரட்டினால், ஓர் அட்டவணையில் 'ஒரு நாளில் பறிக்கும் இலை, கிலோவில்' என்று இருக்கிறது. பாபநாசத்தில் ஏது தேயிலை? யாருடைய நீலகிரி புராஜெக்டையோ வாங்கி, டிடிபி சென்டரில் வார்த்தைகளை மாற்றி ஸ்பைரல் போட்டிருந்தார்கள்.

அடுத்தது, நேரடி நெல் கொள்முதல் நிலையம் பற்றியது. அந்தப் பெண் நிலையத்துக்கே போய், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் திருப்பப்பட்ட மூட்டைகளைக் கணக்கெடுத்து வந்திருந்தாள். முதல் அத்தியாயத்து வரையறைகளை மட்டும் புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கிவிட்டாள், 23 சதவீதம். எல்லோர் முன்னாலும் திருடியைப் போல நிற்கவைத்தது அவளைத்தான். ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "நான் இங்கிலீஷ்ல எழுதினா தப்பா வரும் சார்" என்றாள். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்த பிள்ளை. மேற்கோள் குறி போட்டு ஆதாரம் காட்டினால் போதும் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டில் நிறம் போட்ட வரிகளைப் படியுங்கள். அப்புறம், பூர்த்தி செய்த வினாப் படிவங்களைக் கட்டோடு கேளுங்கள். களத்துக்குப் போகாதவன் கொண்டுவரும் கட்டில் அத்தனை விவசாயிகளும் ஒரே பேனாவில் டிக் அடித்திருப்பார்கள்.

பைண்டிங் ஆனபின் பார்ப்பது

டிசம்பரில் தலைப்பு, மார்ச்சில் புத்தகம் என்றால் டிடிபி சென்டர்தான் கைடு. நடுவில் தை மாதம், வீட்டில் சம்பா அறுவடை. அத்தியாயம் அத்தியாயமாக வாங்குங்கள், கைப்பிரதியாக இருந்தாலும் சரி.

வருஷா வருஷம் அதே அசைன்மென்ட்

சீனியர் நோட்டு ஏற்கெனவே ஹாஸ்டலில் இருக்கிறது.

மிரட்டுவது

அரியர் விழுந்தால் கேம்பஸ் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் காப்பியே அடிக்கிறார்கள். அதன்மேல் நீங்களும் எதற்கு?

ஏஐயைப் பிடிக்கும் ஏஐயை நம்புவது

ஏஐ எழுதியதா என்று சொல்லும் மென்பொருளை நம்ப வேண்டாம். எதிரே உட்காரவைத்து, "மூன்றாவது அட்டவணையில் இந்த எண் எப்படி வந்தது?" என்று கேளுங்கள். இரண்டு நிமிஷம் போதும்.