மூட்டைப்பூச்சி போன பிறகும் போகாத பயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு இரண்டரை மணிக்கு மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் தையல் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டில் அக்கா புரண்டு படுத்து, "இன்னுமா தேடுற? தூங்கும்மா" என்பார். விடுதியில் மருந்து அடித்து முடித்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் யார் கண்ணிலும் ஒரு பூச்சிகூடப் படவில்லை. நான் மட்டும் தேடுவதை நிறுத்தவில்லை.

மூட்டைப்பூச்சி ஒரு பிரச்சினை, மூட்டைப்பூச்சி பயம் வேறொரு பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. பூச்சி இருக்கிற வீட்டில் தேடிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். பயம் மட்டும் மிஞ்சியிருக்கும் வீட்டில், தேடத் தேட அந்தப் பயம் வளரும். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்ததுதான் நான் செய்த எல்லாத் தவறுகளுக்கும் வேர்.

பூச்சியைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். வளர்ந்த மூட்டைப்பூச்சி 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அதற்குப் பறக்கவும் வராது, குதிக்கவும் வராது. பேனைப் போல மனித உடம்பிலோ தலைமுடியிலோ குடியிருக்காது. ஐந்து, பத்து நிமிடம் இரத்தம் குடித்துவிட்டு மெத்தைத் தையலுக்கோ கட்டில் மூட்டுக்கோ போய் ஒளிந்துகொள்ளும். அது மனிதர்களுக்கு எந்த நோயையும் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அரிப்பு, தூக்கக் கேடு, சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது, இவைதான் அதனால் வரும் கெடுதல். என் அவதியில் பெரும்பங்கு பூச்சி போன பிறகு வந்தது.

தடிப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

காலையில் எழுந்ததும் கை, கால், கழுத்து என்று கண்ணாடியில் பார்ப்பேன். மூன்று தடிப்பு வரிசையாக இருந்தால் அன்றைய நாள் முடிந்தது. தோலில் உள்ள தடிப்பை மட்டும் வைத்து அது மூட்டைப்பூச்சிக் கடிதான் என்று தோல் மருத்துவரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. கொசுக்கடி, வேர்க்குரு, சோப்பு ஒவ்வாமை, வியர்வை அரிப்பு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் தடிப்பே வரும், சிலருக்கு வரவே வராது. ஆகவே தடிப்பு இருப்பதால் பூச்சி இருக்கிறது என்றும் ஆகாது, தடிப்பு இல்லாததால் பூச்சி இல்லை என்றும் ஆகாது.

ஆதாரம் என்றால் உயிருள்ள பூச்சி, அது உரித்துப்போட்ட தோல், வெள்ளை முட்டைகள், மெத்தை ஓரத்தில் பேனா மை தொட்டு வைத்ததுபோல் இருக்கும் கறுப்புப் புள்ளிகள், இவ்வளவுதான். அந்தப் புள்ளியை ஈரத்துணியால் துடைத்தால் கருஞ்சிவப்பாக இழுபடும், ஏனென்றால் அது செரித்த இரத்தம். இவற்றில் ஒன்றாவது கண்ணில் பட்டால் பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அன்றைய விசாரணை அதோடு முடிய வேண்டும். பயம் அதை முடிய விடாது. "சரியாகப் பார்த்தாயா? தலையணை உறைக்குள் பார்த்தாயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு சுழலும் உண்டு. கடிக்குமோ என்று பயந்து தினம் மூன்று வேளை வெந்நீரில் கிருமிநாசினி ஊற்றிக் குளித்தேன். தோல் வறண்டது. வறண்ட தோல் அரித்தது. அரிக்கிறதே, கடிதான் போலிருக்கிறது என்று இன்னொரு வேளை குளித்தேன். தூங்காத உடம்பு அரிப்பைப் பெரிதாகவே உணரும் என்பதும் அப்போது தெரியாது.

இரவுத் தேடல்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தேடிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மனசு லேசாகும். அந்த லேசு அரை மணி நேரம் நிற்கும். பிறகு சந்தேகம் திரும்ப வரும். மூளை இதிலிருந்து கற்றுக்கொள்வது, "தேடியதால்தான் தப்பித்தோம், தேடாமல் தூங்கினால் ஆபத்து" என்பதை. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தேடச் சொல்லும். ஓசிடி என்று நாம் பேச்சில் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய் நடக்கும் விதமும் இதுதான். பூட்டை இருபது முறை இழுத்துப் பார்ப்பவருக்கும், கையைத் தோல் உரியக் கழுவுபவருக்கும், மெத்தையைத் தூக்கிய எனக்கும் உள்ளே ஓடியது ஒரே சக்கரம். வேலைக்குப் போவதும் தூங்குவதும் கெடும் அளவுக்கு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனால் மருத்துவரைப் பார்க்கும் கட்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயத்தை வரவிட்டு, அது சொல்வதைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. கேட்க எளிது, செய்யக் கடினம். எனக்கு மனநல ஆலோசகர் ஒரேயடியாகத் தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. "தேடணும்னு தோணும்போது பதினைந்து நிமிஷம் தள்ளிப்போடுங்க. அதுக்கப்புறமும் தோணினா பாருங்க" என்றார். முதல் வாரம் அந்தப் பதினைந்து நிமிடமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் பதினைந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம், பிறகு ஒரு இரவு, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். பகல் வெளிச்சத்தில், பத்து நிமிடம், மெத்தையின் நான்கு ஓரமும் கட்டிலின் மூட்டுகளும். அந்தப் பத்து நிமிடத்தில் கண்டால்தான் கண்டது. சிலருக்கு இதோடு மாத்திரையும் தேவைப்படும். எனக்கும் சில மாதம் தேவைப்பட்டது, அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் இன்னும் பூச்சி இருக்கிறது, மருந்து நடந்துகொண்டிருக்கிறது என்றாலும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மருந்துக்கு முட்டை தப்பிவிடுவது உண்டு. அது பொரிந்து வருவதற்குச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் இரண்டு வாரம் போல இடைவெளி விட்டு மறுபடி அடிக்கிறார்கள். தினமும் நள்ளிரவில் விளக்குப் போட்டுப் பார்ப்பதால் எந்த முட்டையும் சீக்கிரம் சாகப்போவதில்லை.

வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது

"அம்மா, இதைப் பாரேன், இது கடியா?" என்று வீடியோ காலில் கையை நீட்டுவேன். "அதெல்லாம் கொசுக்கடிடி" என்பாள். நிம்மதி. அரை மணி கழித்து மறுபடி அழைப்பு. ஒருநாள் பதினொரு முறை அழைத்திருக்கிறேன். தேடுவதும் கேட்பதும் ஒன்றுதான், தேடும் வேலையை அம்மாவின் தலையில் ஏற்றியிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கேலி செய்யாதீர்கள், "பைத்தியமா உனக்கு" என்று கேட்காதீர்கள். அதே சமயம் ஒவ்வொரு முறையும் கூடவே டார்ச் அடித்துத் தேடவும் போகாதீர்கள். ஆலோசகர் என் அம்மாவிடம் பேசிய பிறகு அவள் பதிலை மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியலையே கண்ணு. உன் பயம்தான் கேக்குது. நீ சாப்பிட்டியா?" முதல் நாள் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றியதில் பாதி அந்தப் பதில்தான்.

நள்ளிரவில் இணையத்தில் படம் படமாகப் பார்ப்பதும் இந்த வகைதான். அதில் வருவதெல்லாம் மிக மோசமான வீடுகளின் படங்கள். குளிர்நாட்டு யோசனைகள் நம் ஊருக்கு அப்படியே பொருந்துவதும் இல்லை. கட்டில் காலுக்கு அடியில் வழுவழுப்பான கிண்ணம் வைத்தால் பூச்சி ஏற முடியாமல் அதில் சிக்கும் என்பார்கள். அங்குள்ள இனத்துக்கு அது சரி. நம் பக்கம் அதிகம் இருப்பது வெப்பமண்டல இனம், அது வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடக் கூடியது. நான் நான்கு கிண்ணம் வைத்து, அதைத் தினம் ஆறு முறை எட்டிப் பார்த்தேன்.

பயத்தில் விஷத்தைக் கையில் எடுப்பது

இந்த ஒரு தவறு உயிரைப் பறிக்கும். நெல், அரிசி மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அறையில் வைக்கவே கூடாது. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். சுவர் விரிசல், குழாய்த் துளை வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வளைகுடா நாடுகளில் மூட்டைப்பூச்சிக்காக ஒருவர் வைத்த மாத்திரையால் அடுத்த குடியிருப்பில் தூங்கிய குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அங்கே நெரிசலான அறைகளில் தங்கி வேலை பார்க்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர். யாராவது அந்த மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள். அறையில் வைத்திருப்பது தெரிந்தால் உடனே வெளியேறி, மற்றவர்களையும் எழுப்புங்கள்.

மண்ணெண்ணெயை மெத்தையில் தெளிப்பது தீ விபத்துக்கு வழி. கடையில் வாங்கும் கொசு ஸ்பிரேயைத் தினம் படுக்கையில் அடித்தால் மூச்சுத் திணறல் வரலாம், பல இடங்களில் பூச்சிக்கு அந்த மருந்து பழகியும் போய்விட்டது. சூடு மட்டும் அதற்குப் பழகவில்லை. 50 டிகிரி செல்சியஸ் சூடு உள்ளே வரை போனால் முட்டையோடு சேர்ந்து சாகும். பாட்டி வீட்டில் சித்திரை வெயிலில் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டு, மூட்டுகளில் கொதிக்கும் நீரை ஊற்றுவார்கள். மூட்டைப்பூச்சி என்றால் அவர்களுக்கு ஒருநாள் வேலை, அவ்வளவுதான். துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் போதும்.

மெத்தை, பீரோ, புத்தகம் என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நான் கல்லூரி நோட்டுகளை எரித்தேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஒதுங்கி வாழ்வது, மறைப்பது

பேருந்தில் நின்றுகொண்டே போனேன். தியேட்டர் போகவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தில் தங்காமல் அன்றிரவே திரும்பினேன். ஒவ்வொன்றையும் தவிர்த்தபோது பயம் கொஞ்சம் இடம் பிடித்தது. 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் நகரமே இப்படி ஆனது. ரயிலில், மெட்ரோவில் பூச்சி என்று காணொளிகள் பரவ, மக்கள் இருக்கையில் உட்காரப் பயந்தார்கள். போக்குவரத்து நிறுவனங்களுக்கு வந்த புகார்களைச் சோதித்தபோது ஒன்றுகூட உறுதியாகவில்லை என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். வீடுகளில் பூச்சி இருந்தது நிஜம், 2017க்கும் 2022க்கும் இடையே பிரான்ஸ் முழுவதும் பத்தில் ஒரு வீட்டுக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருக்கையில் ஒட்டிய நூல் துணுக்கும் பூச்சிதான்.

இது அசுத்தத்தால் வருவது என்று நினைத்து மறைக்கிறோம். பெட்டியோடும் பழைய கட்டிலோடும் வருகிற பூச்சி அது, தினம் கூட்டித் துடைக்கும் வீட்டுக்கும் வரும். மறைப்பதால் பூச்சியும் பரவும், பயமும் தனிமையில் பெருகும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். எனக்குள் எங்கோ ஒரு மூலையில் "இது அதிகப்படி" என்று தெரிந்தே இருந்தது. சிலருக்கு அந்தச் சந்தேகமே வராது. தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று முழுதாக நம்புவார்கள், நூல், பொடுகு, தோல் துணுக்குகளைத் தீப்பெட்டியில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோவார்கள். மருத்துவர்கள் அதைத் 'தீப்பெட்டி அடையாளம்' என்றே சொல்கிறார்கள். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றாலும் ஊர்வது போலவோ அரிப்பாகவோ தோன்றலாம், ஆகவே இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அவர்களோடு "பூச்சி இல்லை" என்று வாதாடுவதால் பயன் இல்லை. "உனக்குத் தூக்கமே இல்லையே, அதுக்காகவாவது டாக்டரைப் பார்ப்போம்" என்று அழைத்துப் போங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நான் முதலில் போனது அங்கேதான், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போன ஒரு பெரியவர்.

இப்போது ஊருக்குப் போய்த் திரும்பினால் பெட்டியை பால்கனியில் வைத்துத் திறக்கிறேன். துணி நேராக வெந்நீருக்குப் போகும். பெட்டியின் ஓரங்களை ஒருமுறை பார்ப்பேன், ஒரே முறை, பகலில். பிறகு அதைப் பரணில் ஏற்றிவிடுவேன். அன்றிரவு சில சமயம் கழுத்தில் ஏதோ ஊர்வதுபோல் தோன்றும். விளக்கைப் போடாமல் அப்படியே படுத்திருப்பேன்.