கோயாசானில் ஒரு ராத்திரி தங்குங்கள்

ஜப்பானின் வகாயாமா மாகாணத்தில் உள்ள கோயாசான், கூகாய் என்ற பௌத்தத் துறவி 816-இல் தொடங்கிய மலைத்தலம். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயில், அப்புறம் கேபிள் கார். காலையில் போய் மாலையில் திரும்பாமல், கோயில் விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். சைவக்காரர்களுக்கு இதைவிட நிம்மதியான இடம் கிடையாது. வெளியே, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். இங்கே கடற்பாசி, காளான் சாறுதான். வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார்கள். எள்ளை அரைத்து, மாவோடு கிண்டி உறையவைக்கும் கோமா தோஃபுவைத் தவறவிடாதீர்கள். துளி வசாபியோடு (காரமான பச்சை விழுது) வாயில் வைத்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும்!

இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடும், ஐந்துக்குள் போய்ச் சேருங்கள். விடியற்காலை வழிபாட்டை முடித்துவிட்டு, தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கூகாயின் சமாதி. கடைசிப் பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக்கூடாது.