சங்கீதப் போட்டி: பிள்ளைகள் விடும் பிழை, பெரியவர்கள் விடும் பிழை

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் திருகோணமலையில் பின்னேரங்களில் சுருதிப்பெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப்போகும் போட்டி. பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் மேடை.

அந்த மேடையைக் கெடுப்பது பெரும்பாலும் பாட்டுத் தெரிவு. பாடக் கிடைப்பதோ சில நிமிடங்கள். அதற்குள் தோடி ராக ஆலாபனை, பெரிய கீர்த்தனை, கற்பனைச் சுரம் எல்லாவற்றையும் அடைத்தால், மணி அடிக்கும்போது பிள்ளை பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் நிற்கும். தோடியின் காந்தாரச் சுரம் கைவர வருடக்கணக்காகும். சுத்தமாக ஒரு மோகன ராக வர்ணம் பாடினால் போதுமே! வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாடமாக்கியதை அப்படியே ஒப்புவிப்பதும் சரிவராது. பரீட்சை வேறு, மேடை வேறு.

தேவாரத்தில் இன்னொரு வேடிக்கை. சம்பந்தரின் கோணமலைப் பதிகம் நம் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம். ஆனால் அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், எது என்று கேட்டால் விழிப்பார்கள். அது புறநீர்மைப் பண், இன்று பூபாள ராகத்தில் பாடுவது வழக்கம். மத்தியமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர ராகம். சொந்த ஊர்ப் பதிகத்தை ஏதோ ஒரு மெட்டில் பாடிவிட்டு இறங்குவது எனக்கு உறுத்தும்.

அடுத்தது சுருதி. ஆசிரியை ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடுகிறார் என்பதற்காகக் குரல் உடையும் 13 வயதுப் பையனையும் அங்கேயே கத்த விடக்கூடாது. போனில் சுருதி வைத்தால் ஃபிளைட் மோடில் போடுங்கள். ஒருமுறை சரணத்தின் நடுவில் அம்மாவின் அழைப்பு வந்து சுருதி நின்றது. பாவம், பிள்ளை அரைக் கட்டை ஏறித்தான் முடித்தது.

சரி, நடத்துபவர்களுக்கு வருவோம். தன் மாணவி பாடும் பிரிவில் குருவே நடுவராக உட்காரலாமா? புள்ளித்தாளில் சுருதி, லயம், உச்சரிப்பு என்று பிரித்துப் போட்டுவிட்டு அந்தத் தாளை அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். தோற்ற பிள்ளைக்கு வேண்டியதே அந்தத் தாள்தான். எங்கே சறுக்கியது என்று தெரியாமலே அடுத்த வருடமும் அதே இடத்தில் சறுக்கும்.

பக்கவாத்தியச் செலவை மிச்சம் பிடிப்பதும் பிழை. ஊரில் மிருதங்கம் படிக்கும் இளைஞருக்குச் சிறு சன்மானம் கொடுத்துக் கூப்பிட்டால், பாடும் பிள்ளைக்குத் தாளம் பிடிபடும், அவருக்கும் மேடைப் பழக்கம் வரும். மூதூர், சம்பூர்ப் பிள்ளைகளின் கடைசி பஸ் போன பிறகு முடிவை அறிவிப்பதையும் நிறுத்தலாம்.

அப்புறம், கேடயம் கொடுத்த கையோடு பிள்ளையை மறந்துவிடுகிறோம். கோயில் திருவிழாவில் வெளியூர்க் குழு வருமுன் முதலிடம் வந்த பிள்ளைக்கு அரை மணி நேரம் ஒதுக்க நிர்வாகசபைக்குச் செலவே இல்லை. பாட்டி முன்வரிசையில் கச்சான் கொறித்தபடி பேத்தியைக் கேட்கட்டுமே.