மல்கியா 1:11 வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தில் மல்கியா தீர்க்கதரிசியின் நூலில் உள்ள இந்த வசனம், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை கடவுளின் நாமம் ஜாதிகளுக்குள்ளே மகத்துவமாயிருக்கும், எல்லா இடங்களிலும் அதற்குச் சுத்தமான காணிக்கை செலுத்தப்படும் என்கிறது. அதிலுள்ள "என் நாமம் ஜாதிகளுக்குள்ளே மகத்துவமாயிருக்கும்" என்ற வரியைக் கூட்டங்களின் பேனர்களில் காணும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

அந்தப் பத்தாம் வசனத்தில், ஆலயக் கதவை அடைத்துப் போட உங்களில் ஒருவனும் இல்லையா என்று கடவுளே கேட்கிறார். காலம் பாரசீக ஆட்சிக்காலம். எருசலேமில் இரண்டாம் ஆலயம் எழும்பிவிட்டது, பலிகளும் நடக்கின்றன. ஆனால் பலிபீடத்துக்கு வருபவை குருடும் முடமும் நசல் (நோய்) பிடித்ததுமான மிருகங்கள். ஆசாரியர்கள் கண்டும் காணாமல் வாங்கிக்கொள்கிறார்கள். 'இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், அவன் முகம் மலருமா?' என்று எட்டாம் வசனம் சுடுகிறது. இந்தக் கோபத்தின் நடுவில் வரும் வசனத்தை வெற்றி முழக்கமாக வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அது வெளியாரைப் பற்றிப் பேசி, உள்ளே நிற்பவர்களை வெட்கப்படுத்தும் வசனம்.

அடுத்தது, 'ஜாதிகள்' என்ற சொல். வேதபாட வகுப்பில் ஒரு சிறுவன் "எந்தெந்த ஜாதி, ஐயா?" என்று கேட்டான். அவன்மேல் குற்றமில்லை. எபிரெயத்தில் உள்ள 'கோயிம்' என்பது இஸ்ரவேலுக்குப் புறம்பான மக்களினங்களைக் குறிக்கிறது. நம் சாதிப் பிரிவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதைச் சொல்லிவிட்டே வசனத்தை வாசிக்க வேண்டும்.

'மகத்துவமாயிருக்கும்' என்ற எதிர்காலத்தையும் முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. மூலத்தில் 'காதோல் ஷெமி' என்று இரண்டே சொற்கள்: 'பெரியது என் பெயர்'. இந்த நேர் தமிழாக்கத்தைப் போலவே அங்கும் 'இருக்கிறது', 'இருக்கும்' போன்ற வினைச்சொல் இல்லை. நிகழ்காலமாகவும் எதிர்காலமாகவும் பொருள் கொள்ளலாம். நான் நிகழ்காலத்தின் பக்கம் சாய்கிறேன். தூரத்தில் இருப்பவர்கள் இப்போதே மதிக்கும் பெயர் சொந்த வீட்டில் மலிந்து கிடக்கிறது என்றால்தான் அந்தக் கண்டிப்பு முழுதாக உறைக்கிறது.

சூரிய உதயமும் அஸ்தமனமும் இங்கே காலை, மாலை வேளைகள் அல்ல. கிழக்கு முதல் மேற்கு வரை, அதாவது உலகம் முழுவதும்.

கடைசியாக, 'சுத்தமான காணிக்கை'. ஆதித் திருச்சபை இதை அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை வழிபாட்டோடு இணைத்தது. யூத வேத ஆசிரியர்களான ரபிமார் வேதத்தைக் கற்பதோடு இணைத்தார்கள். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் அங்கே தாவுமுன், இங்கே 'காணிக்கை' என்று வரும் 'மின்கா' என்ற எபிரெயச் சொல்லை முந்தின வசனத்திலும் தேடிப் பாருங்கள். 'உங்கள் கையிலிருந்து மின்காவை ஏற்கமாட்டேன்' என்று பத்தாம் வசனம் முடிகிறது. மறு மூச்சிலேயே, எல்லா இடங்களிலும் சுத்தமான மின்கா.