கிராமத்து வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பழைய வீட்டை விலை பேசுகிறவர்கள் பெரும்பாலும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்த தைரியத்தில் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் மட்டுமே. பதியப்படாத உயில், வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் ஏறாமல் இருக்கலாம். கிராமத்து வீடுகளில் சிக்கல் முளைப்பது பெரும்பாலும் இவற்றிலிருந்துதான்.

முதலில் வீடு நிற்கும் மண்ணின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க் குடியிருப்புக்கான நத்தமாக இருந்து, விற்பவர் பெயரிலோ அவருடைய முன்னோர் பெயரிலோ பட்டா இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஆனால் வீடு நத்தத்திலும் கொல்லைப்புறம் அரசுக்குச் சொந்தமான ஓடைப் புறம்போக்கிலும் இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. ஆகவே சர்வேயரை வைத்து நான்கெல்லையையும் அளந்த பிறகே விலையை முடிவு செய்ய வேண்டும். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் உரிமைக்குச் சான்றாகா. சிலர் கட்டுக்கட்டாகப் ‘பி மெமோ’ ரசீதுகளை எடுத்துக் காட்டுவார்கள். அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்காக வருவாய்த் துறை விதித்த தண்டத்தின் ரசீது அது. உரிமை இல்லை என்பதற்கே அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, ஊர் நிலங்களின் விவரங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தையும் படிக்க வேண்டும். 1892ஆம் ஆண்டு ஆணையை ஒட்டி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு வழங்கிய பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால், எத்தனை கை மாறியிருந்தாலும் அரசு மீட்டுக்கொள்ளலாம். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டத்தின் பதிவுகளில் இத்தகைய குறிப்புகள் விடுபட்டிருக்கக்கூடும் என்பதால், சந்தேகம் எழுந்தால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. கோயில் நிலத்துக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி தேவை. இலவச வீட்டுமனைப் பட்டாவில் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே இந்தக் குறைகள் நீங்கிவிடுவதில்லை.

மண்ணைவிட மனிதர்களை விசாரிப்பதற்கே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்காரர் தாம் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் அனைவருக்கும், அவருடைய தாய் அப்போது உயிரோடிருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இந்தத் தாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்பதை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைநாட்டியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ‘சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோம், அக்கா ஒன்றும் கேட்காது’ என்று தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அந்த அக்கா சார்பதிவாளர் முன்பு வந்து கையெழுத்திடட்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால், அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லையேல் மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் அவர் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம். இஸ்லாமியர், கிறிஸ்தவர் குடும்பங்களுக்கான வாரிசு விதிகள் வேறு.

விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் முந்தைய பத்திரமான தாய்ப்பத்திரத்தையும் வரி விடாமல் படிக்க வேண்டும். மகனுக்கு வீட்டைத் தானமாக எழுதிவைக்கும் ‘தான செட்டில்மென்ட்’ பத்திரம் எழுதிய தாய், ‘என் ஆயுள் உள்ளவரை நான் அனுபவித்துக்கொண்டு, எனக்குப் பின் நீ சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்வாயாகவும்’ என்று எழுதியிருந்தால், மகனிடம் வாங்குகிறவர் அந்தத் தாயை வெளியே போகச் சொல்ல முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டு, மகன் அதை மீறியிருந்தால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக அறிவிக்கச் செய்ய அவருக்கு வழியுண்டு. சில பழைய பத்திரங்களில் சொத்தின் வருமானத்திலிருந்து கோயில் விளக்குக்கு எண்ணெய் வழங்கும் கட்டளையும் இருக்கும். அது இன்னும் கட்டுப்படுத்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே மேலே பேச வேண்டும்.

வழி, தண்ணீர் போன்றவற்றில் மற்றவர்களுக்கு உள்ள பாத்தியங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பின்வீட்டார் இருபது ஆண்டுகளாக இடையூறின்றி, உரிமையாகவே உங்கள் கொல்லை வழியே நடந்து வந்திருந்தால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அந்தத் தடம் அவர்களுக்கு உரிமையாகிவிடும். வேலி போட்டு மறிக்க முடியாது. பக்கத்து ஓட்டுக்கூரையின் தாழ்வாரத் தண்ணீர் உங்கள் பக்கம் விழுகிறதா, கிணற்றில் எத்தனை பங்காளிகள், வாய்க்கால் யார் நிலத்தில் ஓடுகிறது என்பவற்றை, மழை நாளில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தும், தரகர் இல்லாமல் அண்டை வீட்டாரிடம் பேசியும் அறியலாம். வீட்டில் ஒத்திக்கோ (கடன் தொகைக்கு ஈடாக) வாடகைக்கோ யாராவது குடியிருந்தால் அவரிடமும் நேரில் பேச வேண்டும், ஏனெனில் குடியிருப்பவரின் உரிமையை விசாரிக்காமல் வாங்கியவர் பின்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் சட்டம் ஏற்பதில்லை.

வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், மின் கட்டணம் ஆகியவற்றின் நிலுவையைப் பதிவுக்கு முன்பே விற்பவரைக் கொண்டு தீர்த்துவிட வேண்டும். திருவிழாவுக்காக ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் குடியிருக்கப் போகிறவர் தொகையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பதிவு முடிந்ததும் பட்டா, ஊராட்சி வரிப் பதிவேடு, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாறியதற்கான நகல்களைப் பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும்.